டீச்சருக்குத் தெரியாத லாபக் கணக்கு

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். ராத்திரி சாப்பாடு முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். பாதியில் விட்டுவிட்டு "அருமை டீச்சர்" என்று கமென்ட் போடுகிறவர்களை எனக்கு வகுப்பிலேயே அடையாளம் தெரியும்!

இன்று எழுதப்போவது என்னுடைய தப்பைப் பற்றி. அதிலிருந்து ஒரு கருத்தும் சொல்லப்போகிறேன். சிலருக்குக் கசக்கலாம்.

சென்ற வருஷம் என் தம்பி மகள் கல்யாணத்துக்கு ஒரு கல்யாணப் பாய் சொல்லி வைத்தோம். நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் இருக்கிற பத்தமடையில், கோரைப் புல்லைக் கிழித்து, நூலைப் பாவாகக் கட்டி, பட்டுத் துணி மாதிரி மெல்லிசாகப் பாய் முடைவார்கள். மணமக்கள் பெயரைப் பாயிலேயே நெய்து தருவார்கள். 1953ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்கு இந்த ஊர்ப் பாய் போனது என்பதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள்.

பாய் முடைந்து கொடுத்தது என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த ஒரு பெண். பெயர் வேண்டாம். கணக்கில் சுமார், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவள் 6500 ரூபாய் சொன்னாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏ புள்ள, டீச்சருக்கே இந்த விலையா? பாத்துச் செய்." அவ்வளவுதான். அவள் முகத்தைப் பார்த்தாள், சிரித்தாள், "சரி டீச்சர், 5000 குடுங்க" என்றாள். வீட்டுக்கு வந்து தம்பியிடம் "1500 குறைச்சிட்டேன்" என்று பெருமையடித்துக்கொண்டேன். மேடையில் அந்தப் பாயைப் பார்த்து அசந்து போகாதவர்கள் இல்லை. எல்லாரும் "எங்க வாங்கினீங்க" என்று கேட்டார்கள், "எவ்வளவு" என்று கேட்டார்கள். "யார் முடைஞ்சா" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது. எட்டிப் பார்த்துவிட்டு வரலாமே என்று அவள் வீட்டுக்குப் போனேன். "வாங்க டீச்சர், நல்லாருக்கீயளா" என்று காபி போட உள்ளே போய்விட்டாள். அவள் மகள் ப்ளஸ் டூ முடித்திருக்கிறது. "அடுத்து என்னம்மா படிக்கப் போறே" என்று கேட்டேன். "திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போகுதேன் டீச்சர்" என்றது. "அம்மாகிட்ட இவ்வளவு நல்ல தொழில் இருக்கே, அதைக் கத்துக்கிட்டா என்ன" என்று வழக்கமான உபதேசத்தை ஆரம்பித்தேன்.

அந்தப் பிள்ளை ஒன்றும் பேசவில்லை. ஒரு பழைய நோட்டை எடுத்து வந்து கடைசிப் பக்கத்தைக் காட்டியது. எங்கள் வீட்டுக் கல்யாணப் பாயின் கணக்கு. விற்ற விலை 5000. கோரை, நூல், சாயம் எல்லாம் சேர்த்து 1400. மீதி 3600. கோரை கிழிப்பதில் தொடங்கி ஓரம் மடிப்பது வரைக்கும் 16 நாள். மூவாயிரத்து அறுநூறைப் பதினாறால் வகுத்தால் 225. அம்மாவும் பாட்டியும் இரண்டு பேர் உட்கார்ந்த வேலை. ஆளுக்கு 112 ரூபாய் 50 காசு.

"நூறு நாள் வேலைக்குப் போனாக்கூட இதைவிடக் கிடைக்கும்லா டீச்சர்?" என்று கேட்டது.

உள்ளே இருந்து காபி வந்தது. எனக்கு இறங்கவில்லை. என் மாணவியின் மகள் எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து நானும் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன். 2025-26க்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். மண் வெட்டுகிற கூலியை மட்டுமே இந்தக் கைத்திறனுக்கும் கொடுத்தால் என்ன ஆகும்? இரண்டு பேர், 16 நாள், மொத்தம் 32 நாள் கூலி. 32 × 336 = 10,752. அதோடு பொருள் செலவு 1400. ஆக 12,152 ரூபாய். இதில் லாபம் என்று ஒரு பைசா இல்லை. தறி தேய்மானம் இல்லை, விளக்கு வெளிச்சம் இல்லை, வீணான கோரை இல்லை. வெறும் கூலியும் பொருளும்.

12,152 ரூபாய் பெறுகிற பாயை அவள் 6500 சொன்னாள். அதையும் நான் 5000 ஆக்கினேன். பெருமையாகவும் சொல்லிக்கொண்டேன்.

அன்றிரவு எனக்கு வேறொன்றும் உறைத்தது. 34 வருஷம் லாப நட்டக் கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். "ஒரு வியாபாரி ஒரு பொருளை 400 ரூபாய்க்கு வாங்கி 500 ரூபாய்க்கு விற்றால் லாபம் எவ்வளவு?" ஞாபகம் இருக்கிறதா? உங்களில் எத்தனை பேர் இந்தக் கணக்குக்காக என்னிடம் ஸ்கேலால் அடி வாங்கியிருக்கிறீர்கள்! யோசித்துப் பாருங்கள். அந்தக் கணக்கில் வருகிறவர் எப்போதும் வியாபாரிதான். வாங்குவார், விற்பார். பொருளைச் செய்தவர் அந்தக் கணக்குக்குள் வரவே மாட்டார். கூலி என்று ஒரு வரியை நான் கரும்பலகையில் எழுதியதே இல்லை. அந்தப் பெண் என் வகுப்பில் கற்றதைத்தான் செய்திருக்கிறாள். கோரைக்கும் நூலுக்கும் போட்ட 1400ஐ "வாங்கின விலை" என்று வைத்துக்கொண்டு, 3600 "லாபம்" என்று நினைத்திருக்கிறாள். தன்னுடைய 16 நாளை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டும் என்று சொல்லித் தந்திருக்க வேண்டியவள் நான்.

இதுதான் என் தப்பு. இனி என் கருத்து.

நம் பக்கத்தில் கைத்திறன் இல்லாத வீடே கிடையாது. பாய் முடைகிறவர்கள், ஓலைப் பெட்டி முடைகிறவர்கள், ஆரி வேலை, மண்பாண்டம், கல்யாணச் சீர்த்தட்டு அலங்காரம், முறுக்கு அதிரசம், ஓவியம் என்று எத்தனையோ. "இதையே தொழிலாக்கு, நல்லா வரும்" என்று எல்லாரும் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் கை நன்றாக ஓடினால் மட்டும் தொழில் ஓடாது. கணக்கும் ஓட வேண்டும். கைத்தொழில்கள் அழிவதற்குப் பிளாஸ்டிக் பாய் காரணம், மெஷின் காரணம் என்கிறோம். அதுவும் உண்மைதான். ஆனால் அந்த நோட்டின் கடைசிப் பக்கமும் ஒரு காரணம். அடுத்த தலைமுறை சோம்பேறித்தனத்தால் ஓடவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஓடுகிறது.

அதனால் கைத்தொழில் செய்கிற என் பிள்ளைகளுக்கு நான்கு விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, கூலி வேறு, லாபம் வேறு. உங்கள் கைக்கு நீங்களே ஒரு தினக்கூலி வையுங்கள். எத்தனை நாள், எத்தனை மணி நேரம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். வீட்டில் மாமியார் கோரை கிழித்தால் அதுவும் கூலிதான். மகன் வண்டியில் போய் நூல் வாங்கி வந்தால் பெட்ரோலும் செலவுதான். எல்லாவற்றையும் கூட்டிய பிறகு மேலே வைப்பதுதான் லாபம். அந்த லாபம் இருந்தால்தான் மழைக்காலத்தில் கோரை காயாமல் உட்கார்ந்திருக்கிற நாளுக்குச் சோறு.

இரண்டாவது, பாதி முன்பணம் வாங்காமல் கல்யாண வேலையைத் தொடாதீர்கள். பெயர் போட்டு நெய்த பாயை வேறு யாருக்கும் விற்க முடியாது. கல்யாணம் தட்டிப்போனாலோ, "வேற எடத்துல வாங்கிட்டோம்" என்று சொன்னாலோ அந்தப் பாய் உங்கள் வீட்டுப் பரணில்தான் கிடக்கும். முன்பணம் கேட்பது நம்பிக்கைக் குறைவு இல்லை. தையல்காரர் வாங்குகிறார், மண்டபத்தில் வாங்குகிறார்கள். நீங்கள் மட்டும் ஏன் கூச்சப்பட வேண்டும்?

மூன்றாவது, பெரிய வேலையை மட்டும் நம்பாதீர்கள், மலிவு வேலையோடு போட்டிக்கும் போகாதீர்கள். கல்யாணப் பாய் வருஷத்துக்கு எத்தனை போகும்? அதே கோரையில் கைப்பை, ஃபைல், சாப்பாட்டு மேசை விரிப்பு என்று சின்னச் சாமான் செய்தால் வாரம் வாரம் கையில் காசு புரளும். ஆனால் 200 ரூபாய்ப் பிளாஸ்டிக் பாயோடு போட்டி போட்டு நல்ல பாயின் விலையைக் குறைக்காதீர்கள். அந்தப் போட்டியில் நாம் ஜெயிக்கவே முடியாது. பிளாஸ்டிக் பாய் வாங்க வந்தவர் நம் ஆள் இல்லை. அவருக்கு அதுதான் தேவை, வாங்கிக்கொள்ளட்டும்.

நான்காவது, ஊர்ப் பெயரைச் சும்மா விடாதீர்கள். பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019ல் கிடைத்தது, கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020ல் கிடைத்தது. ஊரில் பலரும் நினைக்கிற மாதிரி, குறியீடு வந்தால் தானாகப் பணம் கொட்டாது. அந்தப் பெயரைச் சட்டப்படி பயன்படுத்த, செய்கிறவர்கள் ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்துகொள்ள வேண்டும். பதிந்தால் போலிகளை எதிர்த்துக் கேட்க ஒரு பிடி கிடைக்கும். அதோடு ஒவ்வொரு பாயிலும் ஒரு சின்ன அட்டை கட்டுங்கள். யார் முடைந்தது, எத்தனை நாள் ஆனது, எந்த ஆற்றங்கரைக் கோரை என்று எழுதுங்கள். 12,000 ரூபாய் ஏன் என்று கேட்கிறவருக்கு அந்த அட்டையே பதில் சொல்லும்.

கடன் விஷயமும் கேட்கிறார்கள். மாநில அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 25 வகைக் கைத்தொழில்களுக்கு 3 லட்சம் வரை கடன் கிடைக்கும். 25 சதவீத மானியம் உண்டு, அதிகபட்சம் 50,000 ரூபாய். 35 வயது நிறைந்திருக்க வேண்டும். மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். ஆனால் ஒன்று சொல்வேன். விலை சரியாக வைக்கத் தெரிவதற்கு முன்னால் கடன் வாங்காதீர்கள். ஒரு பாயில் நட்டம் வருகிறவருக்குப் பத்துப் பாய்க்குக் கடன் கொடுத்தால் பத்து மடங்கு நட்டம்தான் வரும்.

இனி எதிர்க் கேள்விக்கு வருகிறேன். "டீச்சர், இந்த விலை வைத்தால் எவன் வாங்குவான்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எல்லாரும் வாங்க மாட்டார்கள். பத்துப் பேர் வாங்கிய இடத்தில் மூன்று பேர்தான் வாங்கலாம். ஆனால் 112 ரூபாய்க் கூலிக்குப் பத்துப் பாய் முடைந்து கண்ணையும் முதுகையும் கெடுத்துக்கொள்வதைவிட, சரியான விலைக்கு மூன்று பாய் முடைந்துவிட்டு மீதி நாளில் சின்னச் சாமான் செய்வது மேல். அதுவும் ஓடாவிட்டால், மனசு கஷ்டமாக இருந்தாலும் சொல்கிறேன், வேறு வேலைக்குப் போவதில் கேவலம் எதுவும் இல்லை. "கலையைக் காப்பாத்து" என்று, அதில் பட்டினி கிடக்கிறவளைப் பார்த்துச் சொல்ல பென்ஷன் வாங்குகிற எனக்கு உரிமை கிடையாது. அதை அந்த நோட்டைப் பார்த்த அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன்.

"இடையில் இருக்கிற வியாபாரிதான் உறிஞ்சுகிறான்" என்றும் சொல்வார்கள். சில பேர் அப்படித்தான். ஆனால் சரக்கைக் கடன் வாங்கி வைத்து, சென்னைக்கும் பெங்களூருக்கும் தூக்கிக்கொண்டு போய், விற்காமல் நின்றதையும் தாங்குகிற வியாபாரிக்கு ஒரு பங்கு நியாயம்தான். அந்தப் பங்கு எவ்வளவு என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே. உங்கள் அடக்க விலை உங்களுக்கே தெரியாதபோது அவரைத் திட்டி என்ன பிரயோஜனம்? பாருங்கள், என் விஷயத்தில் இடையில் எந்த வியாபாரியும் இல்லை. குறைத்தது சாட்சாத் டீச்சர்தான்.

இப்போது சொந்தங்களுக்கு. கோபித்துக்கொள்ளாதீர்கள். நம்மிடம் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. ஷோரூமில் 40,000 ரூபாய்ச் சேலைக்குப் பில்லை நீட்டினால் மறுபேச்சுப் பேசாமல் கார்டைத் தேய்ப்போம். வீட்டில் உட்கார்ந்து பிளவுஸுக்கு ஆரி போட்டுத் தருகிற சித்தி மகளிடம் "நமக்குள்ள என்ன காசு" என்போம். அவளிடம் வாங்குவதே ஒரு உதவி என்று வேறு நினைத்துக்கொள்வோம். சொந்தம் என்றால் முழு விலை கொடுப்பவர்தான் சொந்தம். குறைத்து வாங்க ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதற்குச் சித்தப்பா பெரியம்மா எதற்கு? இன்னொன்று, கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் போய் "அவசரம்" என்று நிற்காதீர்கள். மூன்று மாதம் முன்னால் சொல்லுங்கள். பாதிப் பணத்தைக் கையில் கொடுத்துவிட்டுச் சொல்லுங்கள்.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற என் மாணவர்களே, உங்களுக்கும் வேலை வைத்திருக்கிறேன். பணம் அனுப்பச் சொல்லவில்லை. உன்னோடு ஐந்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் இருந்தவள் இன்று பாய் முடைகிறாள் என்றால், லீவுக்கு வரும்போது அவளுடைய பாயை நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்துக் கொடு. இங்கிலீஷில் நாலு வரி எழுதிக் கொடு. ஆன்லைனில் விற்க என்னென்ன பதிவு வேண்டும், பார்சல் எப்படிக் கட்டுவது, எந்த ஊருக்கு எவ்வளவு ஆகும் என்று ஒரு நாள் உட்கார்ந்து சொல்லிக் கொடு. கணக்குத் தணிக்கை படித்தவர்கள் இருக்கிறீர்கள், வங்கியில் இருக்கிறீர்கள். உங்களுக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அவளுக்கு அது ஒரு வருஷத்து வருமானம்.

ஆசிரியப் பணியில் இருக்கிற பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். லாப நட்டம் நடத்தும்போது ஒரே ஒரு கணக்கைச் சேர்த்து நடத்துங்கள். "ஒரு பெண் 1400 ரூபாய்க்குப் பொருள் வாங்கி, 16 நாள் உழைத்து..." என்று ஆரம்பியுங்கள். பாடப்புத்தகத்தில் இல்லாவிட்டால் என்ன, கரும்பலகையில் இடம் இருக்கிறதே.

கடைசியாக, என் பாக்கியைச் சொல்லிவிடுகிறேன். 12,152ல் 5000 போக 7152 ரூபாய். போன மாதம் அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் வாங்கவே இல்லை. "என்ன டீச்சர் இது, குடுத்து வாங்கினது முடிஞ்சுபோச்சு. நான்தானே சரின்னு சொன்னேன்" என்றாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். பிறகு அவளே, "அந்தக் கணக்கை மட்டும் பெருசா ஒரு அட்டையில எழுதித் தாங்க டீச்சர். வாரவங்ககிட்ட பேச எனக்கு வாய் வராது, அதைக் காட்டுதேன்" என்றாள். எழுதிக் கொடுத்தேன். சாக்பீஸ் பிடித்த கைதானே, எழுத்து இன்னும் நன்றாகத்தான் வருகிறது.

அதற்குப் பிறகு கல்யாணப் பாய் கேட்டு மூன்று பேர் வந்தார்களாம். இரண்டு பேர் அட்டையைப் படித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒருவர் முழு விலைக்கு ஒத்துக்கொண்டு பாதி முன்பணமும் கொடுத்துவிட்டார். மூன்றில் ஒன்று. இது வெற்றியா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் மகள் திருப்பூருக்குப் போவதைத் தள்ளிவைத்திருக்கிறது, தீபாவளி வரைக்கும் பார்க்கலாம் என்று. போகட்டும் என்றாலும் இருக்கட்டும் என்றாலும் அது அந்தப் பிள்ளையின் முடிவு. அதன் கணக்கு என் கணக்கைவிடச் சரியாக இருக்கிறது.

அந்த 7152 ரூபாயைத் திரும்பக் கொண்டு வரவில்லை. எனக்கு ஒரு பாய் வேண்டும் என்று முன்பணமாகக் கொடுத்துவிட்டேன், அதை வாங்கிக்கொண்டாள். பாய் ரெடியானதும் மீதி 5000 கொடுக்க வேண்டும். "யார் பேர் போடணும் டீச்சர்?" என்று கேட்டாள். "ஒன் பேரைப் போடு" என்றேன். "சும்மா இருங்க டீச்சர்" என்று சிரிக்கிறாள். போடுவாளா மாட்டாளா, பாய் வந்த பிறகுதான் தெரியும்.

உங்கள் வீட்டிலும் தெருவிலும் கைத்தொழில் செய்கிறவர்கள் யாராவது இருந்தால், இன்றைக்கே ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். முதல் பக்கத்தில் "கூலி" என்று எழுதிக் கொடுங்கள். அது போதும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்